நாள் தள்ளிப் போய் வயிறு வலிக்கிறதா? 'சூடு' என்று இருந்து விடாதீர்கள்!

விருத்தாசலம்:–

பீங்கானுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம். பொம்மை, ப்யூஸ் கட்டை என்று செய்யும் பட்டறைகளில் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வயிறு வலித்தால், "சூட்டு வலிதான்" என்று ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பி விடுவார்கள்.

ஆனால், மாதவிலக்கு தள்ளிப் போன பெண்ணுக்கு வரும் வலி ஆளையே கொன்று விடக் கூடியது!

குழாயில் கரு

கரு வளர வேண்டிய இடம் கர்ப்பப்பை. சிலருக்கு அது போகிற வழியில், கருக்குழாயிலேயே தங்கி விடுகிறது. 100 கர்ப்பத்தில் 1 அல்லது 2 இப்படி ஆகிறது.

கர்ப்பப்பை விரிந்து கொடுக்கும். குழாய் கொடுக்காது. சின்ன அச்சில் மண்ணை அமுக்கித் திணித்தால் அச்சு உடையும் அல்லவா? அதே கதைதான். 6-வது வாரத்தில் இருந்தே எப்போது வேண்டுமானாலும் குழாய் வெடிக்கலாம்.

வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே தெரிவது சில சொட்டுதான். சில மணி நேரத்தில் உயிர் போய் விடலாம்.

தோள் வலி

அடையாளம் என்ன? அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. லேசான ரத்தப்போக்கு. தலைசுற்றல், மயக்கம். இன்னொன்று, தோள்பட்டை நுனியில் வலி! உள்ளே தேங்கிய ரத்தம் உறுத்துவதால் வருவது இது. பாரம் தூக்கியதால் வந்தது என்று பலரும் ஏமாந்து போவார்கள்.

மாத்திரை

டாக்டரைப் பார்க்காமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் ஆபத்து. குழாயில் உள்ள கருவை அது கலைக்காது. ரத்தம் பட்டதும் "கலைஞ்சு போச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். கரு உள்ளே வளர்ந்து கொண்டே இருக்கும்!

"நான்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேனே" என்பவர்களும் உஷார். அதன் பிறகு கர்ப்பம் தரிப்பது அபூர்வம். தரித்தால், அது குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊசி போதும்

இந்தக் கருவைக் காப்பாற்ற வழி இல்லை. தாயைக் காப்பாற்றலாம். 1883-ம் ஆண்டில் இங்கிலாந்து டாக்டர் லாசன் டெயிட், வெடித்த குழாயை ஆபரேஷனில் அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்பு குழாய் வெடித்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாவுதான்.

இன்று ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் கண்டுபிடித்து விடலாம். வெடிக்கும் முன்பே தெரிந்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும். வெடித்து விட்டால் உடனே ஆபரேஷன்தான். ரத்தமும் ஏற்ற வேண்டி வரும். ஒரு குழாய் போனாலும், மற்றது நன்றாக இருந்தால் பிறகு குழந்தை பெறலாம்.

கணவன்மார்களே! நாள் தள்ளிப் போன மனைவி வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மயங்கி விழுந்தால் 108-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது.

மோரை நாளைக்கும் குடிக்கலாம்.