சுற்றுப்பயண டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? லீவு பயணத்துக்கு எது லாபம்?

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவரிடம், "சீசன் டிக்கெட் எடுக்கலாமா, தினமும் டிக்கெட் வாங்கலாமா?" என்று கேட்டால் சிரிப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கு? ஆனால் அதே மனிதர் மே மாத லீவில் குடும்பத்தோடு மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோவை என்று ஒரு சுற்று போய்வர நினைத்தால், கணக்கு அவ்வளவு சுலபமாக முடியாது.

முகப்பேரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, 10 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

"ஏங்க, ஊர் ஊரா டிக்கெட் எடுக்கறதுக்குப் பதிலா மொத்தமா ஒரே டிக்கெட் எடுக்கலாமாமே? என் ஆபீஸ்ல சொன்னாங்க" என்கிறார் மனைவி. "இருக்கும்மா, சர்குலர் டிக்கெட்னு பேரு. நாங்க காசிக்கு அதுலதான் போய்ட்டு வந்தோம். பாதிக் காசுதான் ஆச்சு" என்கிறார் தாத்தா.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் தாத்தா காலத்துக் கணக்கு இன்றைக்கு அப்படியே பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

சுற்றுப்பயண டிக்கெட் என்றால் என்ன?

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருப்பதுபோல "இத்தனை நாளைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம்" என்ற பாஸ் இன்று நம் ரயில்வேயில் இல்லை. வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும் இருந்த 'இண்ட்ரெயில் பாஸ்' 2017-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. உள்ளூர்வாசிகளுக்கு அதற்கு நெருக்கமாக இருப்பது இந்தச் சுற்றுப்பயண டிக்கெட்தான்.

புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வர வேண்டும். வழியில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, அந்தப் பாதித் தூரத்துக்கான கட்டணத்தை இரண்டு முறை வாங்குவார்கள். எத்தனை நாள் செல்லும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பயணத்துக்கு 400 கி.மீ.க்கு ஒரு நாள், இறங்கித் தங்குவதற்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள்.

நம் குடும்பம் போக நினைக்கும் சுற்று சுமார் 1,730 கி.மீ. அப்படியானால் பயணத்துக்கு 5 நாள், தங்கலுக்கு 9 நாள், ஆக 14 நாள். இறங்குவது 5 இடங்களில். விதிக்குள் சரியாக அடங்குகிறது.

காசு எங்கே மிச்சமாகிறது?

ரயில் கட்டணம் தூரத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 490 கி.மீ., டெல்லி ஏறக்குறைய 2,180 கி.மீ. தூரம் நான்கு மடங்குக்கும் மேல். ஸ்லீப்பர் கட்டணமோ இரண்டரை மடங்குக்குள்தான் இருக்கும்.

ஊர் ஊராக டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கணக்கு முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கும். அதாவது, விலை அதிகமான பகுதிக்கே திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறோம். சுற்றுப்பயண டிக்கெட்டில் அந்தச் சுமை இரண்டே முறைதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கி.மீ.க்கும், மூன்றடுக்கு ஏசியில் 300 கி.மீ.க்கும் கட்டணம் வசூலிப்பார்கள். கன்னியாகுமரி – திருவனந்தபுரம் 87 கி.மீ.தான். தனி டிக்கெட்டாக ஸ்லீப்பர் எடுத்தால் 200 கி.மீ. காசு போகும்.

இதை மட்டும் பார்த்தால் சுற்றுப்பயண டிக்கெட்தான் லாபம். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

டிக்கெட் இருக்கு, சீட் இருக்கா?

சுற்றுப்பயண டிக்கெட் பயணம் செய்யும் உரிமையைத் தருகிறது, பெர்த் தருவதில்லை. அதை வாங்கிய பிறகு, ஒவ்வொரு ரயிலுக்கும் முன்பதிவு கவுன்டருக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் தனி. ஸ்லீப்பருக்கு ரூ.20, மூன்றடுக்கு ஏசிக்கு ரூ.40. சூப்பர்ஃபாஸ்ட் ரயில் என்றால் ஸ்லீப்பருக்கு இன்னும் ரூ.30. ஆறு ரயிலும் சூப்பர்ஃபாஸ்ட் என்றால் ஸ்லீப்பரில் ஆளுக்கு ரூ.300 வரை சேரும். இணையத்தில் பார்க்கும் தனி டிக்கெட் விலையில் இவை ஏற்கெனவே அடக்கம். இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

வாங்கும் முறையும் வேறு. எல்லா கவுன்டரிலும் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். ஊர்களின் வரிசையை எழுதி ரயில்வே கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவில் கொடுத்து, கட்டணத்தைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். சென்னைக் கோட்ட அலுவலகம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முகப்பேரில் ரயில் நிலையம் கிடையாது. கொரட்டூருக்கோ அம்பத்தூருக்கோ பஸ் பிடித்து, மின்சார ரயில் ஏறி, வேலை நாளில் போய்வர வேண்டும். அரை நாள் லீவு போட்டாக வேண்டும்.

ஒரு சிக்கலும் உண்டு. மதுரைக்குப் பெரும்பாலும் எழும்பூரில் ஏறுவோம், கோவையிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்குவோம். 'புறப்பட்ட நிலையத்துக்கே திரும்ப வேண்டும்' என்ற விதி இருப்பதால், எந்த நிலையத்தைக் காட்டுவது என்று அலுவலகத்திலேயே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை 60 நாள் கணக்கு. 2024 நவம்பர் 1 முதல், முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. இது ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனி. மே 1-ல் மதுரைக்குப் போய் மே 12-ல் கோவையிலிருந்து திரும்பினால், போகும் ரயிலுக்கு முன்பதிவு திறந்து 11 நாள் கழித்துத்தான் திரும்பும் ரயிலுக்குத் திறக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடக் காத்திருந்தால், அதற்குள் முதல் ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால், அந்தந்த நாள் காலை 8 மணிக்கு போனில் உட்கார்ந்து போட்டுவிடலாம்.

தாத்தா கணக்கு ஏன் பொருந்தாது?

முன்பு 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் அது நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. தாத்தா சொன்ன 'பாதிக் காசு'க்குக் காரணம் சுற்றுப்பயண டிக்கெட் மட்டும் இல்லை, இந்தச் சலுகையும்தான்.

பிள்ளைகள் கணக்கும் மாறிவிட்டது. 4 வயதுக் குழந்தைக்கு பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 10 வயதுப் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால், 2016 முதல் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம்தான்.

அப்படியானால் நம் குடும்பத்துக்கு எது?

இந்தத் தென் சுற்றில் இரவு முழுக்கப் போகும் பயணம் இரண்டுதான்: சென்னை – மதுரை, கோவை – சென்னை. நடுவில் உள்ள நான்கும் பகலில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அவற்றுக்கு ஸ்லீப்பர் எதற்கு? முன்பதிவில்லாத டிக்கெட்டோ, பகல் ரயிலில் உட்காரும் இருக்கையோ போதும். இரவுப் பயணம் இரண்டுக்கு மட்டும் ஸ்லீப்பர் எடுத்தால், எல்லா ஊருக்கும் ஸ்லீப்பர் கணக்கில் எடுக்கும் சுற்றுப்பயண டிக்கெட்டைவிடக் குறைவாகவே முடியும். கூட்டத்தில் பாட்டியால் ஏற முடியாது என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் இருக்கை முன்பதிவு செய்யலாம். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ஓர் ஊரை விட நேர்ந்தால், அந்த டிக்கெட்டை மட்டும் ரத்து செய்தால் போதும்.

காசிப் பயணம் என்றால் கணக்கு தலைகீழ். சென்னை, நாக்பூர், ஆக்ரா, டெல்லி, வாராணசி, மீண்டும் சென்னை என்பது கிட்டத்தட்ட 5,000 கி.மீ. பெரும்பாலும் இரவு ரயில்கள், பெர்த் இல்லாமல் முடியாது. இங்கே தூரத்துக்கான குறைப்பு நன்றாகவே கைகொடுக்கும். 38 நாள் வரை செல்லும் என்பதால் நிதானமாகவும் போகலாம். அரை நாள் அலைச்சலுக்கு அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவது வழி

பலருக்கும் தெரியாத ஒன்று: சாதாரண நீண்ட தூர டிக்கெட்டிலேயே வழியில் இறங்கலாம். 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டில், முதல் 500 கி.மீ. கடந்த பிறகு ஒரு முறையும், 1,000 கி.மீ.க்கு மேல் என்றால் இரண்டு முறையும் இறங்கலாம். வந்து சேரும் நாள், புறப்படும் நாள் நீங்கலாக 2 நாள் தங்கலாம். சென்னை – டெல்லி டிக்கெட்டில் நாக்பூரிலும் ஆக்ராவிலும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களுக்கு இது கிடையாது. கவுன்டரில் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி, அடுத்தடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். இறங்கும் நிலையத்தில் டிக்கெட்டில் குறிப்பு எழுதி வாங்குவதும் அவசியம்.

வெளிநாட்டுக்கும் இதே கணக்குதான்

ஜப்பானில் 7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ – கியோட்டோ புல்லட் ரயிலில் போய்வர ஏறக்குறைய 28,000 யென்தான். அந்த இரண்டு ஊரை மட்டும் பார்ப்பவருக்கு முன்பு ஏறக்குறைய சமமாக இருந்த பாஸ், இன்று நஷ்டம். பிரான்ஸின் அதிவேக ரயில்களில் ஐரோப்பிய பாஸ் வைத்திருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். பாஸ் வேறு, சீட் வேறு என்பது அங்கேயும் உண்டு.

முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகள்

1. எத்தனை இரவு ரயிலில் கழியும்? இரண்டு என்றால் தனித்தனி டிக்கெட். நான்கைந்து என்றால் சுற்றுப்பயண டிக்கெட்டை விசாரியுங்கள்.

2. தேதிகள் உறுதியா? மாற வாய்ப்பிருந்தால் தனித்தனி டிக்கெட்.

3. பள்ளி லீவு, பொங்கல், தீபாவளி நேரமா? அப்படியானால் காசைவிட பெர்த்தான் முக்கியம். எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

"அப்போ தனித்தனியாவே போட்டுடலாம். காசிக்குப் போறப்போ மாமா சொன்ன டிக்கெட்டைப் பாத்துக்கலாம்" என்று மனைவி சொன்னால் அது சரியான முடிவு. காலண்டரில் பயணத் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, இன்றைக்கே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.