பதிவேட்டில் ஏறாத அடி

மருத்துவமனைப் பணியாளரைத் தாக்குவோருக்குத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் உண்டு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். கை ஓங்குவது மட்டுமல்ல, மிரட்டுவதும் வேலை செய்ய விடாமல் தடுப்பதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வன்முறைதான். மருத்துவருக்கு உள்ள அதே பாதுகாப்பு செவிலியருக்கும், பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவிக்கும் உண்டு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமும் கிடையாது.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் நைட் டியூட்டியில் அறை வாங்கிய நர்ஸ் மறுநாள் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. பல நேரங்களில் அந்த அறை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதே இல்லை.

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டபோது மாநிலமே அதிர்ந்தது. 2023 மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ், காவலர்கள் சிகிச்சைக்கு அழைத்து வந்தவராலேயே கொல்லப்பட்டார். இவை தலைப்புச் செய்தியாகும் கொடூரங்கள். செவிலியருக்கு நேர்பவை பெரும்பாலும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். படுக்கை காலியில்லை, ரத்தம் இன்னும் வரவில்லை, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்ற கசப்பான சேதிகளைச் சொல்லும் பொறுப்பு டியூட்டி நர்ஸின் தலையில் விழும். கோபப்படுபவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரும் அவரே.

உலக அளவில் 253 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, மருத்துவப் பணியாளர்களில் 61.9 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்கிறது. உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளானவர்கள் மட்டும் 24.4 சதவீதம்.

பதிவு செய்யாமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அருணா ஷான்பாக் வழக்கைவிடக் கொடிய சான்று இந்தியாவில் இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் இளம் செவிலியர் அவர். 1973 நவம்பர் 27 அன்று பணி முடிந்து மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கேயே வேலை பார்த்த ஒருவரால் தாக்கப்பட்டார். கழுத்து நாய்ச் சங்கிலியால் இறுக்கப்பட்டதில் மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, நினைவு திரும்பாமலே 41 ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் கிடந்து 2015 மே 18 அன்று இறந்தார். அவர் மீது நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் ஏறவே இல்லை. கொள்ளை, கொலை முயற்சி என்ற குற்றங்களுக்கு மட்டும் தண்டனை பெற்ற அந்த ஆள் 7 ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார். அருணாவை அத்தனை ஆண்டும் குளிப்பாட்டி, ஊட்டி, புண் வராமல் காத்தவர்கள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள். உடை மாற்றப் பத்திரமான அறை கூட அன்று அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

தாக்கப்பட்ட செவிலியர் வேலையை விடும் முடிவு அடி விழுந்த கணத்தில் பிறப்பது குறைவு. அதற்குப் பிறகு நடப்பவைதான் ஆளை உடைக்கின்றன. ‘நீங்க என்ன சொன்னீங்க?’ என்பது முதல் கேள்வி. ‘அவங்களும் வேதனையில இருந்தாங்க சிஸ்டர், பெரிசு படுத்தாதீங்க’ என்பது அடுத்தது. மருத்துவமனையின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் சமாதானம் பேசி முடிக்கும். அன்று மாலையே அதே வார்டில், அதே உறவினர் முன்னால் அவர் ஊசி மருந்துத் தட்டோடு நிற்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் இருப்பவருக்கு வாயைத் திறந்தால் வேலை நிலைக்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். இப்படிக் கைவிடப்பட்டவர்கள் வேறு வழி தேடுவதைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அமெரிக்கச் செவிலியர் சங்கமான நேஷனல் நர்சஸ் யுனைடெட் 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், பத்தில் ஆறு பேர் பணியிட வன்முறை காரணமாக வேலையை மாற்றியதாகவோ, விட்டதாகவோ, விட நினைத்ததாகவோ தெரிவித்தனர். இந்தியாவில் இதன் விளைவு இன்னும் கடுமையாக விழும். போதனா மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் வரையறை. இரவில் ஒரு பொது வார்டுக்குள் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்குக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் தெரியும். ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவர் இன்னும் அதிகப் படுக்கைகளைப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து கால்மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை என்று உறவினர் கத்துவார். அடுத்த தகராறு அங்கேதான் தொடங்கும். வெளிநாடு அழைக்கவும் செய்கிறது. உலகில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை கூறுகிறது; செவிலியர்களில் ஏழில் ஒருவர் தாம் பிறக்காத நாட்டில் பணிபுரிகிறார்.

தாக்கப்பட்ட செவிலியர் என்ன செய்யலாம்?

முதலில் தன்னையே நோயாளியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கன்னத்தில் சிவப்புத் தடம் மட்டும் இருந்தாலும் கேஷுவாலிட்டியில் காட்டி, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுத வைப்பது முக்கியம். ஏ.ஆர். காப்பி இல்லாத காயம் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள் அனைத்தும் அதில் இருக்கட்டும். சி.சி.டி.வி. பதிவு சில நாள்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பத்திரப்படுத்தும்படி அதே கடிதத்தில் கேட்பது நல்லது.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டில் வழக்கம். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. இது கைது செய்யக்கூடிய குற்றம் என்பதால் வழக்குப் பதிவு செய்தாக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. புகாரில் 2008 சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். இல்லையென்றால் சாதாரண அடிதடி வழக்காகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. காவல் நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டை அணுகலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம்; அழைக்க வேண்டிய எண் 15100.

பாலியல் சீண்டல் என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின்படி உள் புகார்க் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுதலாம். சீண்டியவர் நோயாளியாகவோ பார்வையாளராகவோ இருந்தால் தன் கையில் ஒன்றுமில்லை என்று மருத்துவமனை ஒதுங்க முடியாது. பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியரைக் காப்பது நிர்வாகத்தின் சட்டக் கடமை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கிளினிக்குகளுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது.

எல்லா அடியும் குற்றமாகிவிடாது. தலைக்காயத்தோடு வந்தவர், குடியை நிறுத்திய மூன்றாம் நாளில் உளறித் துடிப்பவர், ஐ.சி.யூ.வில் நாள் கிழமை தெரியாமல் குழம்பிப்போன முதியவர் ஆகியோர் கை வீசினால் அங்கே காவல் துறைக்கு வேலையில்லை. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும். எந்தப் படுக்கைக்கு இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும், எந்த வார்டில் அவசர அழைப்பு மணி தேவை என்பதை அந்தக் குறிப்புகளே காட்டும். கலிஃபோர்னியாவில் மருத்துவமனைகள் ஒவ்வொரு வன்முறைச் சம்பவத்துக்கும் பதிவேடு வைப்பதும், அதைக் கொண்டு தடுப்புத் திட்டம் தீட்டுவதும் சட்டப்படி கட்டாயம்.

புகார் கொடுக்கும் சுமையைக் காயம்பட்டவர் மேலேயே போடுவது நியாயமில்லை. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதை அடுத்து, மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது: பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும், தனியார் மருத்துவமனைக்கும் இதே விதி வர வேண்டும். அப்போது ‘பெரிசு படுத்தாதீங்க’ என்று சொல்ல எவருக்கும் இடம் இருக்காது.

வந்தனா தாஸ் கொலைக்குப் பிறகு சட்டத்தைத் திருத்திய கேரளம், காவல் துறை விசாரணையை 60 நாளில் முடிக்கவும் வகை செய்தது. ஆபாசமாகத் திட்டுவதையும் தண்டனைக்குரியதாக்கியது. அந்த 60 நாள் கெடுவுக்குக் காரணம் உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால், சாட்சி சொல்ல அழைக்கும் நாளில் அந்த செவிலியர் மஸ்கட்டிலோ டப்ளினிலோ வேலையில் இருப்பார்.