அளந்து செலவிடும் அரசு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை அரசாங்கத்துக்கும் பொருந்துமா? பொருந்துமாயின், அளக்கும் படியை யார் கையில் கொடுப்பது? பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும் இடுக்கியின் மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வயல் வேலை செய்து தளர்ந்த முதியவரின் உதவித்தொகையும், மூணாறு, பீருமேடு மலைகளில் நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் கூரையும், மழையில் சரிந்த பாதையின் சீரமைப்பும் கேரள அரசின் கஜானாவையே எதிர்நோக்கி நிற்கின்றன.

கஜானாவின் திறவுகோலை ஒருவர் கையிலேயே ஒப்படைக்கலாகாது என்பதில் நம் அரசியல் சட்டத்தை வகுத்தோர் உறுதியாக இருந்தனர். சட்டத்தின் அனுமதியின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது 265ஆம் ஷரத்து. வசூலான பணம் தொகுப்பு நிதியில் சேரும். சட்டசபை இசைந்தாலன்றி அதிலிருந்து ஒரு காசும் வெளியே வராது. செலவான பின்னர் கணக்குத் தணிக்கைத் தலைவர் அதனை ஆராய்வார். அவரது அறிக்கை மீண்டும் சட்டசபையின் முன் வைக்கப்படும். முன்னே ஓர் அனுமதி, பின்னே ஒரு சோதனை: இவை இரண்டும் முதல் வேலிகள்.

ஆயினும் இவ்வேலிகளில் ஓர் இடைவெளி உண்டு. செலவுக்கு அனுமதி தரும் சட்டசபை, வரியை உயர்த்தத் தயங்கலாம். அப்போது கடன் எளிய வழியாகத் தோன்றும். இன்றைய வாக்காளர் பயனைப் பெறுவர். வட்டியை நாளைய வாக்காளர் செலுத்துவர். நாளைய வாக்காளருக்கோ இன்று வாக்கில்லை. கடனுக்குத் தனியே வரம்பு வேண்டும் என்பாரின் வலிமையான வாதம் இதுவே. 1959இல் சென்னையில் சுதந்திரா கட்சி உருவானபோது, அரசின் கை நீளுந்தோறும் குடிமகனின் உரிமை குறுகும் என்று இராஜாஜி எச்சரித்ததும் இக்கவலையின் மற்றொரு முகமே.

2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டில் கேரளமும் தமிழ்நாடும் தத்தமக்கு அத்தகைய சட்டங்களை இயற்றிக்கொண்டன. மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தி நூறு ரூபாய் என்றால், அவ்வாண்டில் வாங்கும் புதுக் கடன் ஏறக்குறைய மூன்று ரூபாயைத் தாண்டலாகாது என்பது இவ்வேற்பாட்டின் சாரம். அவசரக் காலத்தில் வரம்பு நெகிழ்வதும் உண்டு. கொரோனா நோய் பரவிய 2020-21இல் அது ஐந்தாக உயர்த்தப்பட்டது. உயர்வின் ஒரு பகுதிக்கு நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன.

வரம்பு வந்தவுடன் அதைச் சுற்றிச் செல்லும் வழிகளும் தோன்றின. கேரளத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 'கிஃப்பி' எனும் கட்டமைப்பு முதலீட்டு வாரியம், 2016க்குப் பின் பாலங்களுக்கும் சாலைகளுக்கும் பள்ளிக் கட்டடங்களுக்கும் பெருங்கடன் திரட்டியது. 2019இல் இலண்டன் பங்குச் சந்தை வழியாக மட்டும் 2,150 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. முதியோர் உதவித்தொகைக்கும் தனி நிறுவனமொன்று கடன் வாங்கிற்று. இக்கடன்கள் வரவு செலவுத் திட்டத்தின் ஏடுகளில் மாநிலக் கடனாகப் பதிவாகவில்லை. கணக்குத் தணிக்கையாளர் இதனைக் குறை கூறினார். 2021 ஜனவரியில் சட்டசபை அக்குறையை ஏற்க மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

பின்னர் மத்திய அரசு, மாநிலத்தின் வருவாயால் அடைக்கப்படும் கடன் யார் பெயரில் இருந்தாலும் அது மாநிலத்தின் கடனே எனக் கொண்டு, கடன் வரம்பிலிருந்து அதனைக் கழித்தது. 293ஆம் ஷரத்தின்படி, மத்திய அரசுக்குப் பழைய கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் பெற அதன் இசைவு வேண்டும். அதே ஷரத்தின் முற்பகுதியோ கடன் வரம்பை வகுக்கும் உரிமையை மாநிலச் சட்டசபைக்கே அளிக்கிறது. இரண்டில் எது எவ்வளவு தூரம் செல்லும்? இவ்வினாவோடு 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரல் முதல் தேதி, இடைக்கால உதவியை மறுத்த நீதிமன்றம், வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட ஆயத்துக்கு அனுப்பியது. அந்த நிதியாண்டில் உதவித்தொகை பல மாதங்கள் நிலுவையில் நின்றதை நம் முதியோர் மறந்திரார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மறைவாக வாங்கிய கடனும் மக்கள் கடனே. ஆனால் வேலி போடுபவரே தம் விருப்பம்போல் அதைக் குறுக்கவும் விரிக்கவும் கூடுமானால், அது வேலியன்று. பிறர் கையிலுள்ள கயிறு.

அதிகாரத்தை இசைந்து பகிர்ந்துகொண்டதற்கு எல்லைப்புறத்தில் நாம் கண்ட சான்று உண்டு. வாளையாறிலும் குமுளியிலும் வணிகவரிச் சோதனைக்காகச் சரக்கு லாரிகள் காத்துக் கிடந்த காலம் நமக்கு நினைவிருக்கும். 2016இல் அரசியல் சட்டம் 101ஆம் முறை திருத்தப்பட்டது. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அச்சோதனை நின்றது. வரிமன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்களுக்கு மூன்றில் இரு பங்கு. தீர்மானத்துக்கோ நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் எதுவும் நிறைவேறாது. கடன் வரம்புக்கும் இத்தகைய பொது மன்றம் ஏன் கூடாது என்று கேட்பது பொருத்தமே.

சுவிட்சர்லாந்து மக்கள் 2001இல் பொது வாக்கெடுப்பின் மூலம் நூற்றுக்கு 85 பேர் ஆதரவுடன் கடன் தடையை ஏற்றனர். செழிப்பான ஆண்டில் மீதம் பிடிக்கவும், நலிந்த ஆண்டில் ஓரளவு கடன் வாங்கவும் அவ்விதி இடமளிக்கிறது. 2009இல் ஜெர்மனியும் தன் அடிப்படைச் சட்டத்தில் தடை விதித்தது. 2025இல் பாதுகாப்புச் செலவுக்காக அதனைத் தளர்த்த நேர்ந்தது. மக்கள் அறிந்து ஏற்ற வரம்பே உறுதியாக நிற்கும். காலத்துக்கேற்ப நெகிழாத வரம்போ முறியும் என்பது இவற்றால் விளங்கும்.

நம்மால் செய்யக்கூடியது என்ன? 1994ஆம் ஆண்டுக் கேரள ஊராட்சிச் சட்டம் ஒவ்வொரு வார்டிலும் கிராம சபையைக் கூட்டச் சொல்கிறது. அங்கே திட்டங்களையும் பயனாளர் பட்டியலையும் செலவுக் கணக்கையும் வினவ வாக்காளர் எவருக்கும் உரிமை உண்டு. தமிழ் பேசுபவர் என்பதால் அவ்வுரிமை குறைவதில்லை. உச்ச நீதிமன்றமும் பாராளுமன்றமும் தொலைவில் உள்ளன. கிராம சபையோ நம் தெருக்கோடியில் கூடுகிறது. அங்கே நம் நாற்காலி வெறுமையாக இருந்தால், அளக்கும் படி பிறர் கைக்குப் போவதில் வியப்பில்லை.