மரமேற வேண்டாம் ஸார், அடுப்பை மூட்டுங்க!

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 2012-ல் ஒரு திருட்டு வெளியே வந்தது. போனது தங்கமோ வைரமோ இல்லை... பாகு! மேப்பிள் என்கிற மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகு. கிட்டத்தட்ட 3,000 டன். மதிப்பு 1 கோடியே 80 லட்சம் கனடா டாலருக்கு மேல். கிடங்கில் பீப்பாய்களைக் கணக்கெடுக்க ஏறியவர், காலுக்கடியில் ஒன்று ஆட்டம் காணவே சந்தேகப்பட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார். காலி! சில பீப்பாய்களில் பாகுக்குப் பதிலாகத் தண்ணீர். (பால்காரர்களை மட்டும் இனிமேல் குறை சொல்லாதீர்கள்.)

ஒரு மரத்துச் சாறுக்கு இத்தனை மவுசா என்று வாயைப் பிளப்பதற்கு முன், நம்ம ஊர் வரப்பைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம், மேட்டூர், எடப்பாடி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலோரத்தில் தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கிறதே பனை, அதன் சாறு மேப்பிளைவிட ஐந்தாறு மடங்கு இனிப்பு. மேப்பிள் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். நாற்பது லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு. பதநீரில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு. ஏழெட்டு லிட்டருக்கு ஒரு லிட்டர் பாகு கிடைத்துவிடும். இன்னும் இறுக்கிக் கருப்பட்டியாக்கினால், எட்டிலிருந்து பத்து லிட்டருக்கு ஒரு கிலோ.

அப்புறம் ஏன் அவர்கள் பாகு விமானம் ஏறுகிறது, நம்ம பனை செங்கல் சூளைக்குப் போகிறது?

விஷயம் ரொம்பச் சாதாரணம். மேப்பிள் மரத்தில் இடுப்பு உயரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, குழாயைச் செருகி, வாளியை மாட்டினால் முடிந்தது. ராத்திரி பனி உறைந்து, பகலில் இளகும் அந்தச் சில வாரங்களில் சாறு தானாகச் சொட்டும். வாத்தியாரும் கிளார்க்கும்கூடத் தோட்டத்தில் நாலு மரம் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாகு காய்ச்சுகிறார்கள். நம்ம பனையில் சரக்கு உச்சியில் இருக்கிறது. அறுபது அடியும் இருக்கும், எண்பது அடியும் இருக்கும்.

உச்சியில் என்ன வேலை? பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் திரும்ப ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் சீவாவிட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். பனைக்கு சி.எல். எல்லாம் கிடையாது!

ஒரு பனையேறி முப்பது மரம் பார்க்கிறார் என்று வையுங்கள். மரம் ஐம்பது அடி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மொத்தம் 3,000 அடி ஏற்றம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ஏற்றமே சுமார் 4,000 அடிதான். ஆக, தினமும் முக்கால் ஏற்காடு! நாம் இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கடந்துவிட்டு 'தலை சுத்துது'ன்னு எலுமிச்சம்பழம் முகர்கிறோம். அவருக்கு வளைவும் கிடையாது, ஸீட்டும் கிடையாது. வலிக்கிற நெஞ்சு, காய்த்துப்போன கால். வழுக்கினால் பிழைப்பதே அதிர்ஷ்டம்.

அதனால் பாகு காய்ச்ச ஆசைப்படும் இளைஞர்களே, முதல் பாடம் இதுதான்: மரத்தைத் தொடாதீர்கள்! வீடியோவில் பார்த்துவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக் கிளம்பினால், உங்களுக்குக் கிடைப்பது பதநீர் அல்ல, மாவுக்கட்டு. ஏறுவது பல வருஷம் பழக வேண்டிய வித்தை. அடுப்படி வேலை அப்படியல்ல. நாலு ஞாயிற்றுக்கிழமையில் கை பழகிவிடும்.

"எங்க காட்டுல மூணு பனை இருக்குங்க. ஆளைக் கூப்பிட்டா வர்றதில்லையே!"

வரமாட்டார்தான். மூன்று மரம் ஆளுக்கு மூன்று லிட்டர் தந்தாலும் ஒன்பது லிட்டர். ஒரு கிலோ கருப்பட்டி. அதற்காக அவர் காலையும் மாலையும் வந்து போவாரா? வழி ஒன்றுதான். பக்கத்துக் காட்டுக்காரர், அவருக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் என்று பேசி இருபது, முப்பது மரத்தைச் சேருங்கள். வரப்புத் தகராறில் மூணு வருஷமாகப் பேசாத பங்காளியாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் பனையும் இனிக்கும்! பிறகு பனையேறியிடம் கூலியைப் பேசுங்கள். அங்கேதான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், கருப்பட்டி விற்கிற காசில் பாதியாவது ஏறுகிறவருக்குப் போக வேண்டும். உயிரை வைப்பது அவர். நாம் வைப்பது பாத்திரம் மட்டும்தான். ஒரு இன்ஷூரன்ஸும் போட்டுக் கொடுத்தால் அடுத்த வருஷமும் வருவார்.

மரமே இல்லாதவர்கள்? ஏற்கெனவே பதநீர் இறக்குகிறவரிடம் காலையில் பத்து லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள அது போதும். மாசி, பங்குனி, சித்திரை நல்ல சீஸன். ஆடியோடு கடை கட்டிவிடும்.

இடையில் சட்டம். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆக, ஜெயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு! தென்னையிலிருந்து நீரா இறக்க 2017-ல் அரசு தனியாக வழி செய்தது. (அப்போது முதல்வர் நம்ம பக்கத்து எடப்பாடிக்காரர்.) அதற்கு உரிமம், குளிர்பெட்டி என்று வேறு சங்கதிகள் உண்டு. புதுசாகத் தொடங்குகிறவர் அதில் தலையிட வேண்டாம். பனையிலும் சொந்தமாக இறக்க ஏற்பாடு செய்வதற்கு முன் பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சுண்ணாம்பு போலீஸுக்காக மட்டும் இல்லை. அடுப்புக்கும் அதுதான் உயிர். சுண்ணாம்பு குறைந்து பதநீர் லேசாகப் புளித்தால், அதிலிருக்கும் சர்க்கரை உடைந்துபோகும். அப்புறம் நீங்கள் ராத்திரி வரைக்கும் கிண்டினாலும் பாகு கட்டியாகாது. பிசின் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அதிகமானாலோ கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரும். எனவே வாங்கிய பதநீரை முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளிப்பு தட்டினால் அன்றைக்குக் காய்ச்ச வேண்டாம். நன்றாக இருந்தால் லேசாகச் சூடாக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் இரும்பு அல்லது எவர்சில்வர். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். வாய் அகலமாக, பதநீரைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு இருக்கட்டும். ஏனென்றால் இந்தத் திரவம் பொங்கும்போது மாமியார் வீட்டு மனிதர்கள் மாதிரி, சொல்லிவிட்டுப் பொங்காது! நுரை எழும்பினால் தட்டிய ஆமணக்கு விதை கொஞ்சம், அல்லது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பொசுக்கென்று அடங்கிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் நீங்கள் பேப்பர் படிக்கலாம். வெறும் தண்ணீர்தான் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். தீ எரியட்டும். பழுப்பு நிறம் ஏறி, குமிழ்கள் பெரிதாக, சோம்பேறித்தனமாக உடைய ஆரம்பித்ததும் பேப்பரை மடித்து வையுங்கள். இனி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது. தீயைக் குறையுங்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நாலு டிகிரி கூடினால் பாகு தயார். மேப்பிளுக்கும் இதே கணக்குதான், சர்க்கரைக்கு ஊர் தெரியாது. இந்தக் கட்டத்தில் இறக்கி பாட்டிலில் ஊற்றினால் தோசைக்கும் ஆப்பத்துக்கும் அமிர்தம். யாழ்ப்பாணத்தில் இதைப் பனம்பாணி என்பார்கள். தண்ணியாக இறக்கிவிட்டால் பூசணம் பிடிக்கும், அவ்வளவுதான் ஜாக்கிரதை.

கருப்பட்டிதான் வேண்டுமா? இன்னும் காய்ச்சுங்கள். 115 டிகிரி தாண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் ஆகவில்லை. விரலால் உருட்ட வந்தால் அந்த நிமிஷமே இறக்குங்கள். இரண்டு நிமிஷம் பிந்தினால் கரிந்த வாடை வந்துவிடும், அதை எந்த ஏலக்காயும் மறைக்காது. இறக்கிய பின் மரத் துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். பளபளப்பு மங்கி, மணல் மாதிரி லேசாக நறநறக்கும்போது, தண்ணீரில் நனைத்த கொட்டாங்குச்சிகளில் ஊற்றிவிடுங்கள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டால் சுக்குக் கருப்பட்டி. ஆறியதும் தட்டினால் கழன்று வரும்.

வீட்டில் ஒரு விவகாரம் வரும். சிலிண்டர்! ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறீர்கள். முக்கால் கிலோ கேஸாவது போய்விடும். 14.2 கிலோ சிலிண்டர் முழுசாகத் தீர்ந்தாலும் இருபது கிலோ தேறினால் அதிகம். "உங்க விளையாட்டுக்கு நான் புக் பண்ணின சிலிண்டர்தான் கிடைச்சுதா?" என்ற குரல் அடுக்களையிலிருந்து கேட்பதற்குள், கொல்லையில் மூன்று கல் வைத்துவிடுங்கள். பனை மட்டையும் தேங்காய் மட்டையும் எரியட்டும். விற்பனைக்கென்று காய்ச்சினால் வீட்டு சிலிண்டரைத் தொடவே கூடாது, அது சட்டமும்கூட. விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும்.

விற்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "இவ்வளவு விலையா? அந்தக் கடையில பாதிக்குத் தர்றானே!" என்பதுதான். தருவான். சீனியை உருக்கி, கொஞ்சம் பழைய கருப்பட்டியைச் சேர்த்துக் கொட்டாங்குச்சியில் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? கரும்பு வெல்லத்திலேயே சீனி கலக்கிறார்கள் என்று ஓமலூர்ப் பக்கம் அதிகாரிகள் சோதனை போட்டு மூட்டை மூட்டையாகப் பிடித்திருக்கிறார்கள். அந்த விலையோடு போட்டி போட்டால் நீங்களும் சீனி மூட்டை வாங்க வேண்டியதுதான். கடைக்காரரை விடுங்கள். உங்கள் ஆபீஸிலேயே முப்பது பேர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஐந்து பேரை அடுப்பு பக்கத்தில் உட்கார வைத்துக் காய்ச்சிக் காட்டுங்கள். எட்டு லிட்டர் ஒரு கிலோவாக ஒடுங்குவதைக் கண்ணால் பார்த்தவன் பேரம் பேசமாட்டான்.

2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்றும் அறிவித்தார்கள். அன்றைக்கு நட்ட விதை பாளை விட பதினைந்து, இருபது வருஷம் ஆகும். இப்போதைக்கு நமக்குக் கலயம் நிரப்புவது தாத்தா காலத்து மரங்கள்தான். உங்கள் காட்டில் நிற்பது எத்தனை என்று எண்ணியிருக்கிறீர்களா? எண்ணிவிட்டு, தை பிறப்பதற்குள் பனையேறியைப் போய்ப் பாருங்கள். பங்குனியில் போனால், "வேற காட்டுக்கு ஒத்துக்கிட்டேனுங்க தம்பி" என்பார்.