வெண்பனியில் ஓடிய விந்தை ஊர்திகள்

பனி என்றதும் கதிரவெளிச் சிறுவனின் நினைவுக்கு வருவது மார்கழி வைகறையிற் புல்நுனியில் நிற்கும் துளியே. குளிர்நாடுகளில் ஆளுயரம் குவியும் வெண்பனியோ வேறு. பஞ்சுபோல் மெத்தென்றிருந்து காலை விழுங்குவது. அதன்மேற் படைஞரை எவ்வாறு கொண்டு சென்றனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

இதன் உண்மை நம் வயலிலேயே உள்ளது. உழவு இயந்திரம் சேற்றில் புதையாதிருக்க அகன்ற இரும்புச் சில்லுப் பூட்டுகிறோம் அல்லவா? பாரம் பரவினால் அமுக்கம் குறையும். அறுபது கிலோ எடையுள்ளவனின் ஈரடிகளும் ஏறக்குறைய 400 சதுர சென்ரிமீற்றர் நிலத்தைத் தொடுமெனின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 150 கிராம் தாங்கும். அவனே 3,000 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள சறுக்குப் பலகைகளில் நின்றால் அது 20 கிராமாகிவிடும்.

இவ்விதியைக் கொண்டே உருசிய மன்னர் இரண்டாம் நிக்கலசின் மோட்டார்களைப் பேணிய கெக்ரெசு என்னும் பிரெஞ்சுக்காரர், பின்சில்லுகளுக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டைகளையும், முன்சில்லுகளுக்குச் சறுக்குக் கட்டைகளையும் பொருத்தினார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையினர் இன்னும் விந்தையானதோர் ஊர்தியை ஓட்டினர். சறுக்குக் கட்டைகள்மேல் ஒட்டுப்பலகையால் உடல் அமைத்துப் பின்புறத்தில் விமான இயந்திரத்தையும் சுழல்விசிறியையும் பூட்டினர். விசிறி காற்றைப் பின்னே தள்ள, வண்டி முன்னே பாயும். சிலரை ஏற்றிச் செல்லும். சறுக்குப் படைஞரைக் கயிற்றாலும் இழுத்துச் செல்லும். எனினும் சமவெளிக்கும் உறைந்த ஏரிக்குமே அது ஏற்றது. செங்குத்து மலையில் ஏற வல்லதன்று.

அத்தகைய மலையை வென்ற வரலாறு 1948இல் நிகழ்ந்தது. காசுமீரத்தில் சிறீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் வழியில் 11,500 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது சோசிலாக் கணவாய். செப்டெம்பரில் இந்தியக் காலாட்படை தொடுத்த தாக்குதல் பயன்தரவில்லை. மாரிப்பனி மூடுமுன் வழி திறவாவிடின் லே தனித்துவிடும். படைத்தலைவர் திம்மையா டாங்கிகளை வரவழைத்தார். வழியிலுள்ள பாலங்கள் வலுவற்றவை; பகைவர் அறிதலும் ஆகாது. ஆதலின் மேற்கூடுகளைக் கழற்றித் தனியே கொண்டுசென்று, மலையடியில் மீண்டும் பூட்டினர்.

ஆயினும் டாங்கி ஏறப் பாதை வேண்டுமே! கோவேறு கழுதைகள் நடந்த ஒடுங்கிய தடத்தை அகலமாக்கித் தந்தோர், மேஜர் தங்கராஜுவின் தலைமையில் உழைத்த சென்னைப் பொறியியற் படையினர். தமிழரும் பிற தென்னாட்டவரும் நிறைந்த அப்படையினரைத் ‘தம்பிகள்’ என்றே அழைப்பர். வெண்பனியை ஊரிற் கண்டறியாத கைகள் அவற்றுட் பல! நவம்பர் 1ஆம் நாள், தாழ்ந்த முகிலும் பனியும் சூழ, டாங்கிகள் முன்னேறக் காலாட்படை பின்தொடர்ந்தது, கணவாய் திறந்தது. அத்துணை உயரத்தில் டாங்கிகள் போரிட்டது அதுவே முதன்முறை எனக் கருதப்படுகிறது.

மாணவர்காள், ஊர்தியின் விந்தையைப் போற்றும் நாம் வழி சமைத்தோரை மறத்தல் தகுமா? வெருகலிற் பாலம் அமையுமுன், எத்துணை வலிய வாகனமும் கரையில் நின்று ‘பாதை’க்காகக் காத்திருந்ததைப் பழைய மாணவர் நன்கறிவர். முன்செல்வோன் புகழைப் பெறுவான். அவனுக்கு முன் சென்று மண்ணை வெட்டியவனே வெற்றியைத் தந்தவன்.