பேன் கணக்கைப் பகிரலாம், விலைக் கணக்கைப் பகிரக்கூடாது: சால்மன் பண்ணைகள் முதலீட்டாளருக்குக் காட்டுவது என்ன?

இஎஸ்ஜி ஃபண்டு பத்தி வீடியோ போட்டப்பவே, கம்பெனிகளோட சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டைத் தனியா ஒரு பதிவில் பார்க்கலாம்னு சொல்லியிருந்தேன். இந்த ரிப்போர்ட்ல இருக்கிற பச்சை இலை படங்களை விட்டுட்டு எண்களை மட்டும் படிக்கக் கத்துக்க, எனக்குத் தெரிஞ்சு மீன் பண்ணைத் தொழிலை விட நல்ல பாடம் கிடையாது. அதுவும் நார்வே, சிலி நாடுகளின் சால்மன் பண்ணைகள்.

சால்மனைக் கடலுக்குள்ளேயே பெரிய வலைக்கூண்டு போட்டு வளர்க்கிறாங்க. கூண்டுக்கு வலைதான் சுவர். தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்பார்ட்மென்ட்ல நீங்க மட்டும் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிச்சா என்ன ஆகும்? பக்கத்து ஃபிளாட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வரும். இங்கேயும் அதே கதைதான். பக்கத்துப் பண்ணையில் நோய் வந்ததை அவர் மறைச்சா, உங்க பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிற உயிருள்ள ஸ்டாக் சாகும்.

சிலியில் இது நிஜமாவே நடந்துச்சு. 2007-ல் ஐ.எஸ்.ஏ. என்ற வைரஸ் அங்கே சால்மன் பண்ணையில் உறுதியாச்சு. கூண்டுகள் நெருக்கமா இருந்ததால் வேகமா பரவியது. அடுத்த மூணு, நாலு வருஷத்தில் அந்த நாட்டின் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கா சுருங்கிடுச்சு. ஆயிரக்கணக்கானவங்க வேலை இழந்தாங்க. அதுக்கப்புறம்தான் பண்ணைகளை 'பாரியோ', அதாவது பேட்டை மாதிரி, குழுக்களாப் பிரிச்சாங்க. ஒரு பேட்டையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குஞ்சு விடணும், ஒரே நேரத்தில் கூண்டைக் காலி பண்ணி மூணு மாசம் கடலுக்கு ஓய்வு கொடுக்கணும். போட்டிக் கம்பெனிகள் காலண்டரைப் பகிராம இது முடியுமா?

2013-ல் பெரிய சால்மன் கம்பெனிகள் சில சேர்ந்து 'குளோபல் சால்மன் இனிஷியேட்டிவ்'னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. எத்தனை மீன் செத்துச்சு, எவ்வளவு ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், எத்தனை மீன் தப்பிச்சு ஓடுச்சு, கடல் பேன் எவ்வளவு இருந்துச்சு என்பதையெல்லாம் கம்பெனி வாரியா, பகுதி வாரியா வெளியிடுறாங்க. 2020-க்குள் எல்லாப் பண்ணைக்கும் ஏ.எஸ்.சி. சான்றிதழ் வாங்குறதா வாக்கு கொடுத்தாங்க. 2020 வந்தது, நூறு சதவீதம் வரலை.

இதை வெச்சே "எல்லாம் ஏமாத்து"ன்னு சிலர் சொல்றாங்க. நான் அப்படிப் பார்க்கலை. தேதி, எண், வெளி ஆடிட்டர் மூணும் இருந்ததாலதான் தவறிட்டாங்கன்னு நமக்கே தெரியுது. "நாங்கள் இயற்கையை மதிக்கிறோம்"னு எழுதுற கம்பெனி எந்த வருஷமும் தவறவே தவறாது, கவனிச்சிருக்கீங்களா?

ஆனா நார்வே ஒரு படி மேல போயிடுச்சு. அங்கே கடல் பேனை எண்ணி வாராவாரம் அரசாங்கத்துக்குச் சொல்றது சட்டம். பேன்னு பேருதான், நிஜப் பேன் இல்லை, மீன் தோலில் ஒட்டிக்கிட்டு சதையைத் தின்னும் ஒட்டுண்ணி. பொதுவான வரம்பு ஒரு மீனுக்குச் சராசரியா 0.5 வளர்ந்த பெண் பேன். பண்ணை பண்ணையா இந்தக் கணக்கை யார் வேணும்னாலும் இணையத்தில் பார்க்கலாம். 2017-லிருந்து கடற்கரையை 13 பகுதியாப் பிரிச்சு, பண்ணைப் பேன் காட்டு சால்மனை எவ்வளவு பாதிக்குதுன்னு பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நிறம் கொடுக்கிறாங்க. பச்சைன்னா உற்பத்தியை 6% வரை கூட்டலாம். சிவப்புன்னா 6% குறைக்கச் சொல்லலாம். பக்கத்துக்காரன் பேன் எண்ணிக்கை உங்க கம்பெனியின் வருமானத்தில் நேரா கை வைக்குது.

இதுவரைக்கும் டேட்டா பகிர்வு நல்ல பிள்ளை. இப்போ மறுபக்கம் வாங்க.

2019 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட அதிகாரிகள் சால்மன் கம்பெனிகளில் திடீர் சோதனை போட்டாங்க. 2024 ஜனவரியில் ஆறு நார்வே கம்பெனிகளுக்கு முறையான குற்றச்சாட்டு அறிக்கை போச்சு. 2011-லிருந்து 2019 வரை ஸ்பாட் மார்க்கெட் விலை, விற்பனை அளவு மாதிரியான ரகசிய வணிக விவரங்களைத் தங்களுக்குள்ள பரிமாறிக்கிட்டாங்க என்பது ஆணையத்தின் சந்தேகம். கம்பெனிகள் மறுக்கிறாங்க, குற்றச்சாட்டு அறிக்கைங்கிறது தீர்ப்பும் இல்லை. நிரூபணமானா உலகளாவிய ஆண்டு டர்ன்ஓவரில் 10% வரை அபராதம் போடலாம். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கை, தப்பு பண்ணதா ஒத்துக்காமலேயே, 8.5 கோடி டாலர் கொடுத்து முடிச்சாங்க.

ஆக, மீனோட நோயைப் பத்திப் பேசினா கடலுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது. அதே ஆட்கள் அடுத்த திங்கள்கிழமை விலையைப் பத்திப் பேசினா வாங்குறவன் பாக்கெட்டுக்குக் கேடு. இன்னொரு வித்தியாசம், முதல் கணக்கு ஊர் பார்க்கிற மாதிரி திறந்து கிடக்கு. இரண்டாவது நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, மாசம் 5,000 ரூபா எஸ்ஐபி போடுற உங்களுக்கு இதில் என்ன? ஒரு சிஏவா நான் எந்த ஆண்டறிக்கையை எடுத்தாலும் சஸ்டைனபிலிட்டி பக்கத்தைப் படிச்ச கையோட, பின்னாடி 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' நோட்டுக்குப் போயிடுவேன். இன்னும் முடிவாகாத வழக்கு, அபராதம் எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் வெளிப்படைத்தன்மை, பின்பக்கத்தில் போட்டிச் சட்ட வழக்குன்னு இருந்தா ரெண்டையும் சேர்த்துதான் எடை போடணும்.

நம்ம ஊரில் மார்க்கெட் கேப் அடிப்படையில் முதல் 1000 கம்பெனிகள் 2022-23-லிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை கொடுத்தே ஆகணும். அதில் முக்கியமான சில எண்களை மட்டும் வெளியாள் சரிபார்க்கிற ஏற்பாடு, முதல் 150 கம்பெனிகளில் ஆரம்பிச்சு படிப்படியா விரியுது. எந்த எண் சரிபார்த்தது, எது சொந்த வாக்குமூலம்னு பிரிச்சுப் படிங்க.

இந்தியாவில் மீன் வளர்ப்புப் பங்குன்னா பெரும்பாலும் இறால்தான். 1990-களில் வெள்ளைப்புள்ளி நோய் இந்தத் தொழிலை எப்படிப் புரட்டிப் போட்டுச்சுன்னு ஆந்திரா, நாகப்பட்டினம் பக்கம் குளம் வெச்சிருந்தவங்களைக் கேட்டாத் தெரியும். 2023 ஜூனில் ஒன்றிய அரசு 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்'னு ஒரு ஆப் விட்டிருக்கு, பண்ணைக்காரர் நோயை நேரா அதில் சொல்லலாம். ஆனா சொன்னா வியாபாரி விலையைக் குறைப்பானேன்னு பயப்படுற ஆளை எப்படிச் சொல்ல வைக்கிறது? அந்தச் சிக்கல் ஆப் போட்டுட்டா தீராது. இறால் பங்கு வெச்சிருக்கிறவங்க (பரிந்துரை எதுவும் இல்லைங்க, வாங்குன்னும் சொல்லலை, வில்லுன்னும் சொல்லலை) கடைசி நாலு காலாண்டு கான்கால் டிரான்ஸ்கிரிப்ட்டை இறக்கி, 'டிசீஸ்'ங்கிற வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு தேடிப் பாருங்க. கேள்வி கேட்டது யாரு, பதில்ல ஒரு எண்ணாவது இருந்துச்சாங்கிறதையும் குறிச்சுக்கோங்க.