கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல், இடையன்குடிக் கோயில்

கொடைக்கானலின் புனித பீட்டர் ஆலயம் 1880களில் கட்டின கல் கட்டடம். பாணி, இங்கிலாந்துக் கிராமத்து சர்ச். குளிர் மலையில் பொருந்திப் போகுது. அதே பாணி நெல்லைத் தேரிக்காட்டு இடையன்குடியிலும் இருக்கே, அதுதான் ஆச்சரியம். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1847ல் ஆரம்பித்த கோயில் (அந்தப் பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்வாங்க), பிரதிஷ்டை 1880ல். 33 வருஷம்!

கூர்முனை வளைவு, அரைவட்ட வளைவு அளவுக்குப் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளாது, கீழ்நோக்கி இறக்கும். அதனால் ஜன்னலை நன்கு உயர்த்தலாம். தேரி வெக்கைக்கு அதுவும் நல்லதுதான்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கால்டுவெல் இறந்தது கொடைக்கானலில். மலைக்கு மோட்டார் ரோடே இல்லாத காலம். அங்கேயே அடக்கம் செய்திருக்கலாம். ஆனால் உடலை இடையன்குடிக்கே கொண்டுபோய், அந்தக் கோயிலின் ஆல்டருக்கு அடியில் புதைத்தார்கள்.